பட்டறையில் படித்த மேதை ஜி.டி.நாயுடு

திருவனந்தபுரம் கரமனைப் பக்கத்திலும் சாலைக் கடைத்தெருவைச் சுற்றியும் உள்ள மோட்டார் பட்டறைகளில் நம்மூர் வாலிபர்கள் பலர் வேலை செய்கிறார்கள். ஸ்பானர் எடுத்துக் கொடுப்பதில் ஆரம்பித்து, மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, நாலைந்து வருஷத்தில் என்ஜினைத் தனியாக இறக்கி ஏற்றும் அளவுக்குத் தேறிவிடுகிறார்கள். ஆனால் கையில் ஒரு காகிதம் கிடையாது. சர்க்கார் உத்தியோகம் என்றால் ஐ.டி.ஐ. சான்றிதழோ அப்ரண்டிஸ் முடித்த சான்றிதழோ வேண்டும். விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டம் வந்ததும் எழுந்து போய்விடுவார்கள். அப்போதெல்லாம் எனக்குக் கோயம்புத்தூர் ஜி.டி.நாயுடுவின் ஞாபகம்தான் வரும். அவரே இன்று வந்தாலும் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாதே!

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ம் ஆண்டு மார்ச் 23-ந் தேதி கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோயிற்று.

ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் கிராமத்துப் பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்த வாலிபருக்குத் தூக்கம் போயிற்று. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்து காசு சேர்த்தார். கடைசியில் வண்டியை வாங்கியும் விட்டார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதைத் திருகு திருகாகக் கழற்றிப் போட்டு, மறுபடி பூட்டியதுதான். கற்றுக் கொடுக்க வாத்தியார் இல்லை, வழிகாட்டப் புத்தகம் இல்லை. பின்னாளில் அவர் தொழில் கல்வி பற்றிச் சொன்னதும் செய்ததும் எல்லாம் இந்த ஒரு வண்டியிலிருந்தே பிறந்தவை என்பது என் அபிப்பிராயம்.

நடுவில் பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொண்டார். கோவைக்குத் திரும்பி, ஸ்டேன்ஸ் துரையின் ஒத்தாசையோடு 1920-ல் ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதுதான் யு.எம்.எஸ். என்று பெயர் பெற்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்தது. பஸ் பெருகப் பெருக மெக்கானிக்குகள் வேண்டுமல்லவா? படித்தவர்களைத் தேடி அவர் அலையவில்லை. பட்டறையே ஆட்களைத் தயார் செய்தது. 1937-ல் அவரது முயற்சியில் பாலசுந்தரம் நாயுடு உள்நாட்டிலேயே மின்சார மோட்டாரை உருவாக்கினார். கோவை மோட்டாருக்கும் பம்புசெட்டுக்கும் இன்றுவரை பெயர் பெற்ற ஊராக இருப்பதன் கதையில் இது ஒரு முக்கியமான அத்தியாயம்.

1930-களில் நாயுடு ஐரோப்பாவுக்குப் போனார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் படம் பிடித்தார். ஜெர்மனிக்கும் போய்வந்தார். அந்த நாட்டில் தொழில் பழகும் முறை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. பள்ளி முடித்த பையன் ஒரு கம்பெனியோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி, மற்ற நாட்கள் பட்டறை. பழகும் காலத்திலேயே கொஞ்சம் பணமும் உண்டு. மூன்று, மூன்றரை வருஷம் கழித்துப் பரீட்சை. தேறினால் நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ். கையும் காகிதமும் ஒன்றாகக் கிடைக்கிற ஏற்பாடு அது.

1945-ல் கோவையில் நாயுடு பொருள் கொடுத்து, அப்போதைய சென்னை கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கினார். ஆரம்பப் படிப்போடு நின்றவர் அங்கே பிரின்ஸ்பாலாக உட்கார்ந்தார்! நான்கு வருஷப் படிப்பு வீண் செலவு, கருத்தாய்ப் பழகினால் ஒரு தொழிலுக்கு இரண்டு வருஷம் தாராளம் என்பது அவர் கட்சி. அப்படியே இரண்டு வருஷப் பாடத்திட்டங்களை வகுத்தும் காட்டினார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு ராஜினாமா செய்துவிட்டு வெளியேறினார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி.

இதில் யார் பக்கம் நியாயம்? பட்டறையை முன்னால் வைத்தது சரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜெர்மன்காரன்கூட மூன்று வருஷத்துக்குக் குறையாமல் பழக்குகிற வேலையை எல்லோருக்கும் இரண்டு வருஷத்தில் முடிக்க முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது. நாயுடுவுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் போதுமாக இருந்தது. எல்லோரும் நாயுடு அல்லவே. இன்னொன்று, பரீட்சையையும் சர்டிபிகேட்டையும் அவர் அலட்சியமாக நினைத்தார். முதலாளிக்கு அது கட்டும். வேலை தேடி ஊர்விட்டு ஊர் வருகிற தொழிலாளிக்கு அந்தக் காகிதம்தானே சாட்சி? கொஞ்சம் விட்டுக்கொடுத்து உள்ளேயே இருந்திருந்தால், பட்டறைப் படிப்புக்குச் சர்க்கார் முத்திரை முன்னமே கிடைத்திருக்குமோ என்னவோ.

சர்க்கார் அந்த வழிக்கு வந்தது பிறகுதான். 1961-ல் அப்ரண்டிஸ் சட்டம் நிறைவேறியது. தொழிற்சாலைகள் பழகுநர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், உதவித்தொகை தர வேண்டும், முடிவில் பரீட்சை நடத்திச் சான்றிதழ் தர வேண்டும் என்று ஏற்பட்டது. பெரம்பூர், பொன்மலை ரயில்வே பட்டறைகளில் ஆண்டுதோறும் எடுக்கப்படுகிற 'ஆக்ட் அப்ரண்டிஸ்' இந்தச் சட்டத்தின் கீழ் வருகிறவர்களே. கரமனைப் பட்டறை வாலிபர்கள் அந்த விளம்பரம் வரும்போது தவறவிடக்கூடாது. பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் போதும் என்று சில பிரிவுகளுக்கு எடுப்பதுண்டு.

நாயுடு 1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி காலமானார். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட பத்துக் கிலோமீட்டர் நீள மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதே சாலையில் அவர் சேர்த்த இயந்திரங்களும் தயாரித்த சாமான்களும் கண்காட்சியாக வைக்கப்பட்டிருக்கின்றன. கோவை வழியாக ஊருக்குப் போகிறவர்கள் ஒரு வண்டியை விட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். கூட ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த ஒரு பையனையும் அழைத்துப் போனால் நல்லது.