மகள்வழி தழைத்த குலம்

கனடா நாட்டுப் பிரெஞ்சுக் குடும்பத்தார் தம் குலமுதல்வரைத் தேடுங்கால், அவருள் மிகப் பலர் சென்றடையும் பெயர் லூயி ஏபேர் என்பதாகும். பாரிஸ் நகரில் மருந்து வணிகராக இருந்த இவர், 1617-ஆம் ஆண்டில் மனைவி மரி ரோலேயுடனும் மூன்று மக்களுடனும் கடல் கடந்து கியூபெக் சேர்ந்தார். பேசிய ஊதியத்தை வணிகக் கழகத்தார் பாதியாகக் குறைத்தனர். பாரிஸிலிருந்த வீட்டை முன்பே விற்றுவிட்டமையால் திரும்பவும் வழியில்லை. மனந்தளராது காட்டைத் திருத்தி, ஏரின்றிக் கைக்கருவிகளாலேயே தானியமும் காய்கறியும் விளைவித்தார். 1627-இல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து உயிர் நீத்தார். அந்நிலத்தை முதல் ஏர் உழுதது 1628-இல்தான்.

மகன்வழிப் பேரர் 1661-இல் இரோகுவா இனத்தாரிடம் சிறைப்பட்டு மாண்டார், ஆண்வழி அற்றது. மகள் கியமெத்தோ 1621-இல் கியோம் குய்யாரை மணந்து பத்து மக்களைப் பெற்றார். அக்கிளையே நாடெங்கும் படர்ந்தது. மாதாகோயில் பதிவேடுகளைத் துருவி ஆராய்ந்து, சிப்ரியான் தாங்கே என்னும் பாதிரியார் 1871 முதல் 1890 வரை ஏழு தொகுதிகளாக வெளியிட்ட வம்சாவளி அகராதி, இத்தகைய கிளைகளைத் தேடுவோர்க்குக் கைவிளக்காயிற்று.

பெயர் மறைந்தது, குலம் மறையவில்லை. முன்னோரைத் தேடுவோர் தாய்வழி ஏட்டையும் புரட்டுதல் வேண்டும்.