அடையாறு அடைக்கலம் தந்த அறிஞர்

1870 இல் இத்தாலியில் பிறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், மருத்துவப் பட்டம் பெற்று, 1907 இல் ரோமாபுரியின் ஏழையர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். பாசிச ஆட்சியோடு முரண்பட்டமையால் அங்கே அவர்தம் பள்ளிகள் மூடப்பட்டன. 1936 இல் உள்நாட்டுப் போர் அவரைப் பார்சலோனாவை விட்டும் அகற்றியது.

கர்னல் ஆல்காட் நம் பிள்ளைகளுக்கென 1894 இல் பள்ளி திறந்த அடையாற்றுக்கு, பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939 இல் அம்மையார் வந்தார். ஏறத்தாழ 300 பேர் அவரிடம் ஆசிரியப் பயிற்சி பெற்றனர். 1940 இல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு அவர் மகனைக் காவலில் வைத்தது. அவரது நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. ஆயினும் 1946 வரை இந்தியாவில் அவர் பணி தொடர்ந்தது. 1952 இல் மறைந்தார்.

இன்று அச்சுறுத்தப்படும் ஆய்வாளர்க்கு அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில உதவிநிதி அளித்து இடந்தருகின்றன. கற்கும் உரிமை மறுக்கப்பட்டிருந்த நாம், கற்பிக்கும் உரிமை பறிக்கப்பட்டோரின் துயரை உணர்வோம். அவர்க்கு இடந்தருவாரைப் போற்றுவோம்.