டிவி பார்க்காமலே 'ஸ்டார் ட்ரெக்' காமிக்ஸ் வரைந்தவர்: யார் இந்த ஜோலிட்டி?

'ஸ்டார் ட்ரெக்' டிவி தொடருக்கு காமிக்ஸ் வரைய உட்கார்ந்தபோது ஆல்பெர்ட்டோ ஜோலிட்டி அதில் ஒரு எபிசோடைக்கூட பார்த்ததில்லை.

1923-ல் ரோமில் பிறந்தவர். உலகப் போருக்குப் பிறகு அர்ஜென்டினா போனார். அங்கிருந்து அமெரிக்கா. கௌபாய் கதைகளில் பேர் வாங்கியவர், 1960-களில் ரோமுக்கே திரும்பி ஸ்டுடியோ போட்டார். அங்கிருந்தபடியே அமெரிக்க காமிக்ஸுக்கு வரைந்தார். இன்றைய பாஷையில் 'வொர்க் ஃப்ரம் ஹோம்'.

1967-ல் கோல்டு கீ நிறுவனம் ஸ்டார் ட்ரெக் காமிக்ஸைத் தொடங்கியது. சீக்கிரமே வேலை இவர் கைக்கு வந்தது. இத்தாலியில் அப்போது தொடர் ஒளிபரப்பாகவில்லை. கையில் இருந்தது விளம்பர ஸ்டில்கள்தான். விளைவு? என்டர்பிரைஸ் விண்கலத்தின் பின்னால் தீபாவளி ராக்கெட் மாதிரி நெருப்பு! ரசிகர்கள் கிண்டலடித்தார்கள், இன்னமும் அடிக்கிறார்கள்.

ஆனா, தப்பு யாருடையது? தொடரைப் போட்டுக் காட்ட வேண்டியது பதிப்பாளர் வேலை. முகங்களை போட்டோவிலிருந்து கச்சிதமாகப் பிடித்தவர் ஜோலிட்டி. டிவி பட்ஜெட்டுக்கு எட்டாத இடிந்த நகரங்களையும் ராட்சத மிருகங்களையும் பேனாவாலேயே கொண்டுவந்தார். தொடர் 1969-ல் முடிஞ்சுபோச்சு. காமிக்ஸ் 61 இதழ்களாக 1979 வரை ஓடியது.

இந்த 'அவுட்சோர்ஸிங்' நமக்கும் புதுசில்ல. 1972-ல் முத்து காமிக்ஸ் தமிழுக்குக் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவி, லண்டன் பத்திரிகைக்காக ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரிட்டயர் ஆகும் வயசில் இருக்கிற யாரையாவது கேளுங்கள், மாயாவி கதையைச் சொல்வார். வரைந்தவர் பேர் தெரிந்திருக்காது.

ஜோலிட்டி 1993-ல் இறந்தார். அவர் வரைந்த இதழ்கள் பின்னாளில் தொகுப்புகளாக மறுபதிப்பு கண்டன.