மக்ஸ் பில்லின் மணிக்கூடு

நல்லூர்த் திருவிழாவுக்கு ஜேர்மனியிலிருந்து வரவிருக்கும் மருமகன், மாமாவுக்கு எது வேண்டும் என்று கேட்டு இரண்டு கைமணிக்கூடுகளின் படங்களை அனுப்பியிருந்தான். இரண்டும் பற்றரி இல்லாமல் கை அசைவிலேயே முறுக்கேறும் ஓட்டோமெற்றிக் வகை. இரண்டிலும் அலங்காரம் கிடையாது. வெள்ளை முகம், மெல்லிய கோடுகள், மெல்லிய முட்கள். ஒன்று கிளாஸ்ஹூட்டே என்ற சிற்றூரில் செய்யப்படும் நொமோஸ் டான்கென்டே. மற்றது 1861இல் ஷ்ராம்பேர்க்கில் தொடங்கிய யுங்ஹான்ஸ் நிறுவனத்தினுடையது. அதற்கு ஒரு மனிதரின் பெயர்: மக்ஸ் பில். யார் இவர் என்று தேடப்போய் அவருடைய வாழ்க்கை முழுவதையும் வாசித்துவிட்டேன்.

மக்ஸ் பில் 1908 டிசெம்பர் 22 அன்று சுவிற்சர்லாந்தின் வின்டர்தூரில் பிறந்தார். சூரிச்சில் வெள்ளி வேலை பயின்றார். 1927இல் ஜேர்மனியின் டெசாவ் நகருக்குப் போய் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் சேர்ந்தார். காண்டின்ஸ்கியும் கிளேயும் அங்கே ஆசிரியர்கள். ஓவியத்துக்குக் கொடுக்கும் கவனத்தை நாற்காலிக்கும் விளக்குக்கும் கொடுக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழி. 1933இல் நாஜிகளின் நெருக்குதலால் அது மூடப்பட்டது. பில் அதற்கு முன்பே சூரிச் திரும்பி ஓவியம், சிற்பம், கட்டடம் என்று வேலை செய்துகொண்டிருந்தார்.

1943 பெப்ரவரியில் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹிட்லருக்கு எதிரான துண்டுப்பிரசுரங்களைப் போட்டதற்காக ஹான்ஸ் ஷோல், சோபி ஷோல் என்ற அண்ணனும் தங்கையும் பிடிபட்டார்கள். நான்கு நாட்களில் இருவரும் கொல்லப்பட்டார்கள். சோபிக்கு வயது 21. போர் முடிந்தபின், அவர்களுடைய அக்கா இங்கே, ஓட்ல் ஐக்கருடன் சேர்ந்து, குண்டுவீச்சில் அழிந்த உல்ம் நகரில் அவர்கள் நினைவாக ஒரு கல்விக்கூடம் தொடங்க விரும்பினார். பில் அதை வடிவமைப்புக் கல்லூரியாக உருவாக்க உதவினார். மலைச்சரிவில் எளிய கொங்கிறீற் கட்டடத்தை அவரே வரைந்தார். 1953இல் பாடங்கள் தொடங்கின. முதல் அதிபரும் அவரே. மாணவர்களுக்காக 1954இல் ஹான்ஸ் குகெலொற்றுடன் சேர்ந்து மூன்று பலகையும் ஒரு தடியும் கொண்ட முக்காலி போன்ற ஓர் இருக்கையைச் செய்தார். அதில் இருக்கலாம், கவிழ்த்துப் புத்தகம் தூக்கிச் செல்லலாம்.

அதே ஆண்டுகளில் யுங்ஹான்ஸுக்காகச் சமையலறை மணிக்கூடு ஒன்றை வடிவமைத்தார். கைமணிக்கூடு 1961இல் வந்தது. இதற்கிடையில் கற்பிக்கும் முறை பற்றி இளைய ஆசிரியர்களோடு முரண்பட்டு, 1957இல் கல்லூரியை விட்டே போய்விட்டார். 1968இல் கல்லூரியும் மூடப்பட்டது. பில் 1967 முதல் 1971 வரை சுவிஸ் நாடாளுமன்றத்தில் இருந்தார். 1994 டிசெம்பர் 9 அன்று பேர்லினில் காலமானார்.

கோப்பாயில் இருந்து இதை வாசிப்பவருக்கு அந்த அக்காவைக் கடந்து போக முடியாது. இங்கே துயிலும் இல்லம் இருந்த நிலத்தில் இப்போது படைமுகாம் இருக்கிறது. நடுகற்கள் இல்லை. கார்த்திகையில் அதற்கு வெளியே நின்றுதான் விளக்கேற்றுகிறோம். உல்மில் ஒரு பள்ளி எழுந்தது என்றால், கொன்ற அரசு அதற்குள் விழுந்துவிட்டிருந்தது. வென்றவர்கள் பணமும் கொடுத்தார்கள். நமக்கு அந்த இரண்டும் வாய்க்கவில்லை. இந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டு, அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று நம் தாய்மாருக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் இறந்தவர்களின் பெயரால் பிள்ளைகள் இருக்க ஓர் இருக்கை செய்தார்கள் என்பது என் மனதை விட்டுப் போகவில்லை.

டான்கென்டே குறைந்ததல்ல. அதன் இயந்திரத்தை நொமோஸே செய்கிறது. யுங்ஹான்ஸுக்கு அது சுவிஸிலிருந்து வருகிறது. ஆனால் விலை ஏறத்தாழப் பாதிதான். மக்ஸ் பில் போதும் என்று மருமகனுக்கு எழுதினேன். கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும், மாமா, தினமும் கட்ட வேண்டும் என்று பதில் அனுப்பினான். கட்டுகிறேன் என்றேன்.