விதைகளை அருகருகே நட்ட தோட்டத் துரை

வட்டகொடை புகையிரத நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான் தெரியும். ஆதி காலந்தொட்டே இம்மலைகளில் வளர்ந்த செடி இது என்று நம் பிள்ளைகள் பலர் எண்ணக்கூடும். உண்மை அதுவல்ல. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மத்திய மலைநாட்டின் பெரும் பயிர் கோப்பி. அது அழிந்தபோது அதனிடத்தைப் பிடிக்கத் தேயிலை ஆயத்தமாக நின்றதற்கு முக்கிய காரணமானவர் ஜேம்ஸ் டெய்லர்.

அவர் 1835ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் திகதி ஸ்கொத்லாந்து நாட்டில் பிறந்தார். தந்தையார் வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளி. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பதினான்கு வயதில், தாம் படித்த பள்ளியிலேயே சிறுவர்களுக்குக் கற்பிக்கும் மாணவ ஆசிரியரானார். பின்னர் இலங்கைத் தோட்டமொன்றில் உதவியாளர் வேலைக்கு ஒப்பந்தமாகி, 1852ஆம் ஆண்டு தொடக்கத்தில் இங்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்குப் பதினேழு வயதும் நிறையவில்லை.

கண்டிக்குத் தென்கிழக்கே, ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டமே அவருக்குக் கிடைத்த இடம். காட்டை வெட்டிக் கோப்பி நடும் வேலை. அதைச் செய்தவர்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த நம் முன்னோர். வழியிலே நோயாலும் பசியாலும் மடிந்தவர் பலர்.

டெய்லர் ஒரே பயிரை நம்பியிருக்கவில்லை. 1860களில், காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினா தரும் சிங்கோனா மரங்களைத் தோட்டத்தில் நட்டார். அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861ஆம் ஆண்டில் ஹக்கல பூங்கா தொடங்கப்பட்டிருந்தது. 1866ஆம் ஆண்டளவில் பேராதனைப் பூங்காவிலிருந்து தேயிலை விதை பெற்றுப் பாதையோரங்களில் நட்டார். அடுத்த ஆண்டு, 1867இல், அசாம் கலப்பின விதையிலிருந்து 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கைத் தேயிலைத் தொழிலின் தொடக்கமாகக் கருதப்படும் அந்த நிலம், 7ஆம் இலக்க மலை என்று இன்றும் காட்டப்படுகிறது.

மூன்று விதைகளும் மூன்று குணமுடையவை. சிங்கோனா விதை தூசி போன்றது. ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் இருக்கும். மண்ணில் ஆழப் புதைத்தால் முளைக்காது. மேலாகத் தூவி, நிழலும் ஈரமும் கொடுக்க வேண்டும். கோப்பி விதை முளைக்கும்போது தன் விதையைத் தலையில் சுமந்துகொண்டே மண்ணுக்கு மேலே எழும்பும். பிறகுதான் இரு வித்திலைகளும் விரியும். தேயிலை விதையோ வித்திலைகளை மண்ணுக்குள் வைத்துக்கொண்டு தளிரை மட்டும் மேலே அனுப்பும். அது எண்ணெய்ப்பசையுள்ள விதை. காய்ந்தால் உயிர் போய்விடும். ஆகவே தண்ணீரில் இட்டு, மிதப்பவற்றை நீக்கி, அமிழ்பவற்றையே விதைப்பது வழக்கம். இவற்றையெல்லாம் கண்ணால் பார்த்துப் பழகியே தோட்டம் நடத்த வேண்டியிருந்தது.

இந்தப் பொறுமையின் பயன் விரைவில் தெரிந்தது. 1869ஆம் ஆண்டில் கோப்பியைத் துரு நோய் பற்றியது. இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்தது, இலைகள் உதிர்ந்தன, காய்ப்புக் குன்றியது. பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பாழாகித் துரைமார் பலர் கடனாளிகளாயினர். சிங்கோனா சில ஆண்டுகள் கைகொடுத்தது. எல்லாரும் நட்டதால் விலை விழுந்தது. நின்று பிடித்தது தேயிலையே.

டெய்லர் பறித்த கொழுந்தைத் தம் பங்களா விறாந்தையில் மேசைமேல் வைத்துக் கையாலேயே உருட்டச் செய்து, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் வாட்டினார். 1872இல் தேயிலை ஆலை அமைத்து, கொழுந்து உருட்டும் இயந்திரம் ஒன்றையும் செய்தார். 1873இல் அவருடைய தேயிலை 23 இறாத்தல் லண்டனுக்குச் சென்றது. 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த இலங்கைத் தேயிலை 1890இல் இரண்டு இலட்சம் ஏக்கரைத் தாண்டியது.

இந்த மாற்றம் நம் மக்களின் வாழ்வையே மாற்றியது. கோப்பி ஒரு காலத்துப் பயிர். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயங்களில் தங்கின. பிள்ளைகள் இங்கேயே பிறந்தார்கள். நாம் இம்மண்ணின் மக்களானதற்கு அந்த விதையும் ஒரு காரணம். அதன் ஆதாயம் கம்பெனிகளுக்குச் சென்ற அளவுக்கு, கொழுந்தெடுத்த கைகளுக்கு வரவில்லை என்பதையும் மறக்கலாகாது.

டெய்லருக்கும் முடிவு இனிதாக அமையவில்லை. மணம் செய்யாமல், தாய்நாட்டுக்கும் திரும்பாமல் நாற்பது ஆண்டுகள் அதே தோட்டத்தில் வாழ்ந்தார். நீண்ட விடுப்பாக அவர் சென்றது 1874இல் டார்ஜீலிங்குக்கு மட்டுமே. அங்கும் தேயிலையைத்தான் பார்த்தார். 1892ஆம் ஆண்டில் தோட்டத்துக் கம்பெனி அவரை வேலையிலிருந்து விலக்கியது. அவர் தோட்டத்தை விட்டுச் செல்ல மறுத்தார். அவ்வாண்டு மே 2ஆம் திகதி வயிற்றுக்கடுப்பு நோயால், 57ஆம் வயதில் அங்கேயே காலமானார். தொழிலாளர் இரு குழுக்களாகப் பிரிந்து, மாறி மாறித் தோளில் சுமந்து, கண்டி மகியாவை மயானத்தில் அடக்கம் செய்தனர். கம்பெனி கைவிட்டவரைத் தொழிலாளர் கைவிடவில்லை.

இன்று புதிய தேயிலை பெரும்பாலும் விதையிலிருந்து அல்ல, வெட்டிய தண்டிலிருந்தே வளர்க்கப்படுகிறது. அம்முறையைப் பரப்பிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் வட்டகொடைக்கு அருகே, தலவாக்கலையில்தான் இருக்கிறது. ஆயினும் விதையைப் பார்த்துக் கற்பது பழைய பாடமாகிவிடாது. நம் பள்ளிப் பிள்ளைகள் போஞ்சி, சோளம், கடலை, கிடைத்தால் விதைத் தேயிலையின் விதை ஆகியவற்றை ஒரே மண்ணில், ஒரே அளவு தண்ணீரில் வரிசையாக நடட்டும். போஞ்சி கோப்பியைப் போல வித்திலையைத் தூக்கிக்கொண்டு வரும். சோளமும் கடலையும் தேயிலையைப் போல விதையை மண்ணுக்குள்ளேயே விட்டுவரும். எது எத்தனை நாளில் முளைத்தது, வாரத்துக்கு எவ்வளவு உயர்ந்தது என்று ஓர் ஏட்டில் குறிக்கட்டும்.

அவ்வேட்டில் திகதியோடு தங்கள் பெயரையும் எழுதட்டும். 7ஆம் இலக்க மலையை நட்ட துரையின் பெயர் நூல்களில் நிற்கிறது. அவருக்காகக் குழி வெட்டி, நாற்றெடுத்து நட்ட நம் முன்னோரின் பெயர்களை அறிந்தவர் எவருமில்லை.