சொல்லோவியர் புதுமைப்பித்தன்

ஓவியர் வண்ணத்தால் காட்டுவதைச் சொல்லால் காட்டியவர் புதுமைப்பித்தன். சென்னை மாநகரின் நடைபாதைகளிலும் வாடகை வீடுகளிலும் காப்பிக் கடைகளிலும் பிறர் கவனியாது கடந்துசென்ற கணங்களே அவருடைய கதைகளுக்குக் கருவாயின.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 25.04.1906 அன்று கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை அரசுப் பணியிலிருந்ததால், செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர்கள் மாறின. எட்டு வயதில் தாயை இழந்தார். 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பியது. 1931இல் இந்துக் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர், கமலாவை மணந்தார். மகன் அரசு அலுவலராக வேண்டுமெனத் தந்தை விரும்பினார். மகனோ எழுத்தை நம்பிச் சென்னை சென்றார்.

1934 முதல் மணிக்கொடியில் அவருடைய கதைகள் வெளிவந்தன. பின்னர் தினமணி நாளிதழில் பணியாற்றினார். வருவாய் குறைவு, கண்டதும் கேட்டதும் மிகுதி. வறிய எழுத்தாளர் ஒருவரின் ஒரு நாளைய அல்லலே ‘ஒரு நாள் கழிந்தது’. பரபரப்பான சாலையோரத்தில் பிச்சைக்காரர் ஒருவர் உயிர்விடுவதையும், அதனைப் பொருட்படுத்தாமல் நகரம் நடப்பதையும் ‘மகாமசானம்’ காட்டுகிறது. நோயுற்ற மனைவிக்குப் பணிவிடை செய்து, அவள் இறந்தபின் உடலைத் தாமே நீராட்டும் துணிக்கடை ஊழியரின் அன்பைச் ‘செல்லம்மாள்’ சித்திரிக்கிறது. அழுகையோ அறிவுரையோ மிகாமல் காட்சியே நம் மனத்தைத் தைக்கிறது.

கடலூரை அடுத்த சிதம்பரத்தில் கூத்தபிரானாக வணங்கப்படும் நடராசர் திருவுருவை, அவர் ‘சிற்பியின் நரகம்’ கதையில் வேறொரு நோக்கில் கண்டார். பூம்புகாரில் சிற்பி சாத்தன் வடித்த நடராசர் சிலை கோயிலில் இடம்பெறுகிறது. அவனது கனவில் எல்லாரும் மோட்சம் வேண்டி வணங்குகின்றனர்; சிலையின் அழகைக் காண்பவர் ஒருவருமில்லை. படைப்பாளி வேண்டுவது புகழை அன்று. பார்க்கும் கண்களையே என்பது இக்கதையின் உள்ளீடு.

அவருடைய வாழ்வும் அக்கனவை ஒத்திருந்தது. தினமணியை விட்டு விலகிய பின் திரைத்துறையில் முயன்றார். சொந்தப் படமுயற்சி நிறைவேறவில்லை. ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதப் புனே சென்ற காலத்தில் காசநோய் முற்றியது. 1948இல் திருவனந்தபுரத்தில், 42ஆம் வயதில் மறைந்தார்.

2002இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. சாத்தன் தேடிய கண்களைப் புதுமைப்பித்தனின் கதைகள் இன்றைய வாசகரிடம் பெற்றுள்ளன.