இன்னொரு பெயர்: கே. எஸ். கிருஷ்ணன்

ராமன் விளைவு என்றதும் நம் நினைவுக்கு ஒரு பெயரே வருகிறது. அந்தக் கண்டுபிடிப்பில் ராமனுக்குத் தோள்கொடுத்த மற்றொரு தமிழரும் உண்டு. அவரே கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகிலுள்ள வத்திராயிருப்பில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இவர் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறைப் பயிற்சி தருபவராகப் பணிபுரிந்தார். மதிய இடைவேளையில் எந்த அறிவியல் ஐயத்தையும் இவரிடம் கேட்கலாம் என்ற நிலை இருந்ததால், பிற கல்லூரி மாணவர்களும் இவரைத் தேடி வந்தனர்.

ஆய்வு வேட்கை இவரைக் கல்கத்தாவுக்கு இழுத்தது. 1923-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனுடன் இணைந்தார். 1928 பிப்ரவரியில் இருவரும் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளியை 18 செ.மீ. விட்டமுள்ள தொலைநோக்கி வில்லையால் குவித்து, நீல ஊதா வடிகட்டி வழியே திரவத்தில் செலுத்தினர். அந்த நிறத்தை முற்றும் தடுக்கும் மஞ்சள் பச்சை வடிகட்டியைக் கண்ணுக்கு முன் வைத்தனர். எதுவும் தெரியக்கூடாது, ஆனால் மங்கிய ஒளித்தடம் ஒன்று தெரிந்தது! திரவத்தின் மூலக்கூறுகள் ஒளியின் நிறத்தையே மாற்றியிருந்தன. தூசு ஒளிந்திருந்தால் முடிவு பிழையாகிவிடும். எனவே திரவங்களை வெற்றிடத்தில் மீண்டும் மீண்டும் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கினர். இவ்வாறு ஏறக்குறைய அறுபது திரவங்கள் ஆராயப்பட்டன. அவ்வாண்டு மார்ச் 31-ஆம் நாள் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன.

1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே கிடைத்தது. ஆய்வின் தலைவர் அவர். தம் நோபல் உரையில் கிருஷ்ணனின் பெயரைச் சொல்லவும் அவர் தவறவில்லை. கிருஷ்ணனோ டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். 1940-இல் லண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1947-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் மறைந்தார்.

அதற்கு அடுத்த ஆண்டுதான் முதல் டையோடு லேசர் ஒளிர்ந்தது. இன்று கையடக்க ராமன் நிறமாலைமானியில் சூரியனின் இடத்தில் கடுகளவு டையோடு லேசர் அமர்ந்திருக்கிறது; 785 நானோமீட்டர் அலைநீளம் பெரிதும் பயன்படுகிறது. சிதறி வரும் ஒளியில் லேசரின் நிறத்தை ஒரு வடிகட்டி தடுக்கிறது. நிறம் மாறிய ஒளி மட்டும் உணர்கருவியை அடைகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனிக் கோடுகள் இருப்பதால், கண்ணாடிப் புட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் மருந்து எதுவென்று அறியலாம். மணிக்கல்லைச் சிதைக்காமலே அதன் வகையைக் கண்டறியலாம். விளக்கு மாறிவிட்டது, கிருஷ்ணன் நின்று பார்த்த வழி மாறவில்லை.

நண்பர்களே! திண்டிவனம், விழுப்புரம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வரும் நாம், ஆய்வகத்தில் இருவர் இருவராக நிறமாலைமானியின் முன் நிற்கிறோம். ஒருவர் கண்வைத்துப் பார்க்க, மற்றவர் அளவைக் குறிக்கிறார். இருவரும் இன்றி அந்தச் சோதனை முடிவதில்லை. அடுத்த முறை ராமன் விளைவுக்கு விடை எழுதும்போது, மதிப்பெண் கிடைக்காவிட்டாலும், கிருஷ்ணனின் பெயரையும் சேர்த்து எழுதுவோம்.